முதல் பீஸில் யாருடைய கையெழுத்து

எங்கள் தொழிற்சங்கக் கிளையின் கமிட்டியில் நான் ஒருத்திதான் பெண். என்னை எதற்குச் சேர்த்தார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மகளிர் தினம் வந்தால் கம்பெனி கேட்டுக்கு முன்னால் கோலம் போட ஆள் பிடிக்க வேண்டும், ஃபோட்டோவில் முன்வரிசையில் ஒரு சேலை தெரிய வேண்டும். மற்ற நாட்களில் கூட்டத்துக்கு டீ வந்தால், "தோழர், கொஞ்சம் ஊத்திக் குடுங்க" என்பார்கள். முதல் தடவை ஊற்றினேன். இரண்டாம் தடவை, "ஏன், ஒங்களுக்குக் கை இல்லையா?" என்று கேட்டேன். அன்றிலிருந்து வாய்க்காரி என்று பெயர். இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

நான் திண்டுக்கல் பக்கத்துக்காரி. கல்யாணமாகி ஓசூருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்த மறு வருஷமே தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தேன். லாரிக்கும் காருக்கும் வேண்டிய இரும்புத் தண்டுகளைக் கடைந்து அனுப்பும் கம்பெனி. உள்ளே போனால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் ஓடும். திட்டுவதற்கு மட்டும் எல்லோரும் அவரவர் தாய்மொழிக்குப் போய்விடுவார்கள்.

நான் சொல்லப்போகும் விஷயம் புரிய வேண்டுமானால் ஒரே ஒரு வேலையைப் பற்றித் தெரிந்தால் போதும். எங்கள் லைனில் மெஷின் ஓட்டுபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். இரும்புத் துண்டை மாட்டி, பட்டனை அழுத்தி, கடைந்து வந்ததை எடுத்து அளந்து அடுக்குவது ஆபரேட்டர் வேலை. ஒரு மாடல் முடிந்து அடுத்த மாடல் வரும்போது வெட்டுக்கருவிகளைக் கழற்றி மாற்றி, அளவு சரியாக வரும்வரை திருத்தி, முதல் பீஸைக் கடைந்து காட்டுவது செட்டிங். அதைச் செய்பவர் செட்டர். இன்றைய செட்டர்தான் நாளைக்கு லைன் லீடர், அதற்கப்புறம் சூப்பர்வைசர். ஆபரேட்டருக்கு மேலே போக அந்த ஒரு படிதான் உண்டு. எங்கள் கம்பெனியில் செட்டர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஏன் என்று கேட்டால், "அது கொஞ்சம் ஹெவி வொர்க்கும்மா" என்பார்கள். ஷிஃப்ட் முழுக்க இரும்புத் துண்டைத் தூக்கித் தூக்கி மாட்டுகிறோமே, அது பூக்கட்டுகிற வேலையாக்கும்.

உள்ளே நடந்தது வேறு. மாடல் மாறும் நேரத்தில் செட்டரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒருவர் கம்ப்ரசர் ரூம் பின்னால் ஃபோனும் காதுமாக இருப்பார். இன்னொருவர் கேன்டீனில் அரசியல் பேசிக்கொண்டிருப்பார். மணிக்கு எத்தனை பீஸ் ஓடியது என்று போர்டில் எழுதுவது எங்கள் பெயருக்கு நேரே. குறைந்தால் ஏச்சு எங்களுக்கு. எத்தனை நாள்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது? எங்களில் கை ஓடியவர்கள் தாங்களே ஸ்பேனரை எடுத்தார்கள். கழற்றி, மாட்டி, அளவெடுத்து, முதல் பீஸைக் கடைந்து வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். செட்டர் ஆடி அசைந்து வருவார். பீஸைத் திருப்பிப் பார்ப்பார். "பரவால்லியே" என்பார். முதல் பீஸ் ஷீட்டில் 'செட்டர்' என்று போட்ட கட்டத்தில் கையெழுத்துப் போடுவார், பேனாவைப் பாக்கெட்டில் செருகுவார், போய்விடுவார். வருஷக்கணக்காக இதுதான் வழக்கம். யாரும் ஒளித்துச் செய்யவில்லை. சூப்பர்வைசரே வந்து, "அவன் வர லேட்டாவும், நீ பாத்துக்குவ இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

இப்படியிருக்கையில் மாவட்டச் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வேலையிடத்தில் ஆணும் பெண்ணும் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று ஒவ்வொரு கிளையும் ஆய்வு செய்து அறிக்கை அனுப்ப வேண்டுமாம். எங்கள் செயலாளர் அதைப் படிக்கக்கூட இல்லை, மேசை மேல் என் பக்கமாகத் தள்ளிவிட்டார். அவரும் எங்கள் லைனில் ஒரு செட்டர்தான். லைனில் என்னை "ம்மா" என்பார், கூட்டத்தில் "தோழர்" என்பார். இரண்டுக்கும் ஒரே குரல்.

"பொம்பளைங்க மேட்டரு. நீங்களே பாத்துக்கோங்க தோழர். டாய்லெட்டு, ரெஸ்ட் ரூமு, அந்த மாதிரி கேட்டு எழுதிடுங்க."

கேட்டேன். டாய்லெட்டும் கேட்டேன், ரெஸ்ட் ரூமும் கேட்டேன். கடைசிக் கேள்வியாக இதையும் போட்டேன்: 'நீங்கள் மெஷின் செட்டிங் செய்ததுண்டா? உண்டென்றால், ஷீட்டில் கையெழுத்துப் போட்டது யார்?' பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுக்கும்போது அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எனக்கே என்மேல் ஒரு கர்வம் வந்தது. அந்தக் கர்வத்தில் மண்ணை அள்ளிப் போட.

கம்பெனி பஸ்ஸில்தான் ஃபாரங்களைக் கொடுத்தேன். ஒரு வாரம் பாகலூர் பஸ், மறு வாரம் கெலமங்கலம் பஸ் என்று மாறி மாறி ஏறினேன். மடியில் சாப்பாட்டுப் பையை வைத்து அதன் மேல் தாளை வைத்து எழுதினார்கள். பஸ் குலுங்கும்போதெல்லாம் ஒரே சிரிப்பு.

"அக்கா, இத எழுதிக் குடுத்தா செட்டர் ஆக்கிடுவாங்களா?"

"ஆக்க வைக்கத்தானடி கேக்குறேன்."

"பேரு தெரிஞ்சா வம்பாயிடுமேக்கா?"

"பேரு எழுதாதீங்க. கையெழுத்தும் வேணாம். எழுதுனது யாருன்னு அந்த ஆண்டவனுக்கே தெரியாது, போதுமா?"

இந்த வாக்குறுதியை ஒவ்வொரு சீட்டாகப் போய்ச் சொன்னேன். அவர்களும் நம்பினார்கள். ஒருத்தியும் பெயர் எழுதவில்லை. எல்லோரும் கம்பெனி ஆளுக்கொன்றாகக் கொடுத்த டோக்கன் நம்பரை எழுதினார்கள்.

கம்பெனி வேலைக்குப் போகாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்களுக்கு அப்படியில்லை. சேர்ந்த முதல் நாளிலிருந்து எந்தத் தாளைக் கையில் கொடுத்தாலும் வலது மேல் மூலையில் டோக்கன் நம்பரை எழுதிவிட்டுத்தான் மேற்கொண்டு படிப்போம். லீவு, யூனிஃபார்ம், ஷூ, மெடிக்கல் ரூம், ஆயுத பூஜை ஸ்வீட் பாக்ஸ், எல்லாவற்றுக்கும் அதுதான். என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அந்த ஃபாரத்தின் மூலையிலும் நான் என் டோக்கன் நம்பரை எழுதிவிட்டேன், அங்கிருந்த கிளார்க் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். அது எங்களுக்கு எழுத்தே இல்லை, கை தானாகச் செய்யும் காரியம். அதனால்தான் நாற்பதுக்கும் மேற்பட்ட தாள்களை வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்த எனக்கும் அது உறைக்கவில்லை. உறைக்காதது மட்டுமா? ஒழுங்காக இருக்கட்டும் என்று அத்தனையையும் டோக்கன் நம்பர் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தக் கட்டில் ஒரு தாள் மட்டும் பின்பக்கமும் நிறைய எழுதியிருந்தது. படித்ததுமே யார் என்று தெரிந்தது, பாகலூர் தாண்டி எல்லையோரக் கிராமத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ். பதினாலு வருஷ சர்வீஸ். மெஷின் சத்தத்தை வைத்தே எந்தக் கருவி தேய்ந்திருக்கிறது என்று சொல்வாள். அவள் பக்கத்து மெஷின்காரிகள் செட்டரைக் கூப்பிட மாட்டார்கள், இவளைத்தான் கூப்பிடுவார்கள். என்னை செட்டராகப் போடுங்கள் என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறாள். இரண்டு தடவையும் பதில் கிடையாது. அவளுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். செய்கிற வேலையைத் தன் வேலை என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஃபாரத்தின் கடைசிக் கேள்விக்குக் கீழே நான் விட்டிருந்த இரண்டு வரி இடம் அவளுக்குப் போதவில்லை. எந்தெந்த மெஷினைச் செட் பண்ணியிருக்கிறாள், எந்த மெஷின் சூடானதும் அளவு நகரும், அதை எப்படித் திருத்துவாள் என்று பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். கையெழுத்துப் போட்டவர்கள் யார் யார் என்பதையும் எழுதியிருந்தாள். கடைசியில், 'நான் செட் பண்ணின பீஸ் ஒன்றுகூட ரிஜெக்ட் ஆனதில்லை' என்று ஒரு வரி. படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையில்தான்.

மாவட்டத்துக்கு அனுப்புமுன் மேனேஜ்மென்ட்டிடம் பேசிவிடலாம் என்று முடிவானபோது, நான் அறிக்கையை மட்டும்தான் கொடுப்பதாக இருந்தேன். செயலாளர், "ஆதாரம் இல்லாம பேசுனா மேனேஜ்மென்ட் மதிக்காது தோழர். கட்ட குடுங்க, காட்டிட்டுத் திருப்பி எடுத்துட்டு வந்துடறேன்" என்றார். கொடுத்தேன். மாதாந்திரப் பேச்சுவார்த்தையில் அவர் அதை எச்.ஆர். ஆபீசர் முன்னால் வைத்தார். அந்த ஆபீசர் சின்ன வயசுக்காரர், சிரித்த முகம். "ரொம்ப நல்ல ஸ்டடி மேடம்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, காப்பி எடுத்துத் தருகிறேன் என்று கட்டை உள்ளே கொண்டுபோனார். தெரிந்து கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா என்று செயலாளரை இன்று கேட்டாலும் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். அவர் சத்தியத்தை நான் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

மறு வாரம் ஒன்பது பேருக்கு மெமோ வந்தது. செட்டிங் செய்ததுண்டு என்று எழுதிய ஒன்பது பேருக்கும். அனுமதியில்லாமல் மெஷினைத் திறந்து கைவைத்தது, பாதுகாப்பு விதியை மீறியது, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் தரவும். பின்பக்கம் எழுதியவளை மட்டும் விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். அவள்தானே எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தையே குற்றப்பத்திரிகையோடு இணைத்திருந்தார்கள்.

நான் நேரே எச்.ஆர். ரூமுக்குப் போனேன்.

"ஷீட்ல செட்டர் கையெழுத்து இருக்கு. அது உண்மைன்னா இவங்க செட்டிங்கே பண்ணல, மெமோ எதுக்கு? இவங்க பண்ணது உண்மைன்னா அந்தக் கையெழுத்து பொய்யி, அவங்களுக்கு மெமோ எங்க?"

அவர் சிரித்தார். "லாஜிக்கெல்லாம் என்கொயரில பேசிக்கலாம் மேடம். அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. டோக்கன் நம்பரோட."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மூலையில் இருந்த நம்பர்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தன.

மறுநாள் பாகலூர் பஸ்ஸில் ஏறினேன். ஏறாமல் இருந்திருக்கலாம். "ஆராய்ச்சிக்காரி வர்றாடி, வாய மூடு" என்று ஒரு குரல். காலியாக இருந்த சீட்டில் ஒருத்தி தன் பையைத் தூக்கி வைத்தாள். மெமோ வாங்கிய ஒருத்தி, எனக்குத் தங்கை வயசு, எழுந்து வந்து முகத்துக்கு நேரே கேட்டாள்.

"ஆண்டவனுக்கே தெரியாதுன்ன? எச்.ஆர். ஆபீசுக்கு எப்பிடிக்கா தெரிஞ்சுது?"

"நம்பர் எழுதுனத நான் கவனிக்கலப்பா."

"நாங்க கூமுட்டைங்க, எழுதிட்டோம். நீ கமிட்டி மெம்பரு. ஒனக்கும் கண்ணு அவிஞ்சு போச்சா?"

பதில் சொல்ல என் வாய் அன்று வரவில்லை. ஓசூர் வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

கமிட்டிக் கூட்டத்தில் எனக்கு வாய் வந்தது. ஒன்பது பேருக்காகவும் நிற்க வேண்டும், செட்டர்கள் எழுந்து 'ஆமாம், இவர்கள்தான் செய்தார்கள், நாங்கள் கையெழுத்து மட்டும் போட்டோம்' என்று விசாரணையில் சொல்ல வேண்டும் என்றேன். ஒருத்தர் சீலிங் ஃபேனைப் பார்த்தார், ஒருத்தர் ஃபோனைப் பார்த்தார். அங்கிருந்தவர்களில் பாதிப்பேர் செட்டர்கள்.

"தோழர், கோவப்படாதீங்க," என்றார் செயலாளர். "செட்டருங்க அத்தன பேரும் நம்ம மெம்பரு. அவங்க கையெழுத்து பொய்யின்னு நம்ம சங்கமே சொல்ல முடியுமா? நான் பேசிட்டேன். ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா விட்டுடறேங்கறாங்க. எனக்கு செட்டிங் தெரியாது, யாரோ சொல்லி தப்பா எழுதிட்டேன். அவ்ளோதான். சிம்பிள்."

"அந்த யாரோ நான்தான?"

"பேரு வராதுங்க, பேரு வராது."

"அவங்க செட்டிங்ல நீங்க பத்து வருஷமா கையெழுத்துப் போட்டுத் தின்னுருக்கீங்களே, வெக்கமா இல்லையா ஒங்களுக்கு?"

"வாய அளந்து பேசுங்க," என்றார் அவர். ஓட்டெடுப்பு நடந்தது. என் கை ஒன்றுதான் எதிர்ப்பக்கம் போனது.

எட்டுப் பேர் அந்த வாரமே லெட்டர் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பின்பக்கம் எழுதியவள் மட்டும் கொடுக்கவில்லை. விசாரணைத் தேதி நெருங்கியது. எப்படியாவது கையெழுத்து வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்மிஸ்தான் என்று செயலாளர் என்னைத்தான் அனுப்பினார். நானும் போனேன். அவள் வேலை போய்விடக் கூடாது என்று போனதாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அது. மீதி, அவள் விசாரணையில் வாயைத் திறந்தால் ஃபாரம் அடித்துக் கொடுத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும் என்ற பயம். அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்த வேலை வேண்டும்.

அவள் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறவர். வாசலிலேயே மறித்துக்கொண்டார். "யூனியன்னு சொல்லிக்கினு இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. பதினாலு வருஷம் ஒரு பேச்சு வாங்காம வேல பார்த்தவ. ஒரே காய்தத்துல கவுத்துட்டீங்க" என்றார். உள்ளேயிருந்து அவள் தெலுங்கில் ஏதோ சொன்ன பிறகுதான் வழி விட்டார். உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் தரவில்லை. அந்தப் பக்கத்து வீடுகளில் பகையாளிக்கும் தண்ணீர் தருவார்கள்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்ததும், "எனக்கு செட்டிங் தெரியாதுன்னு நான் எழுதணும், அதானக்கா?" என்றாள்.

"ஒப்புக்குத்தான். வேலைய மொதல்ல காப்பாத்திக்குவோம்."

"நீங்களும் அதத்தான் சொல்றீங்க."

"வேற வழி தெரியலப்பா எனக்கு."

"என் கையால அத எழுத மாட்டேன்," என்றாள். "நீங்க எழுதுங்க. எழுதறது ஒங்களுக்கு நல்லா வரும். நான் கையெழுத்து போடறேன்."

எழுதினேன். 'எனக்கு மெஷின் செட்டிங் தெரியாது. இதுவரை நான் செட்டிங் செய்ததில்லை. பிறர் சொல்லைக் கேட்டுத் தவறாக எழுதிவிட்டேன்.' மூன்று வரி. என் வாழ்க்கையில் இதைவிட அசிங்கமான எதையும் நான் எழுதியதில்லை. கையெழுத்துப் போட்டாள். தாளை என்னிடம் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

"மாவட்டத்துக்கு அறிக்கை அனுப்பணும்னு சொன்னீங்களே," என்றாள். "செட்டிங் தெரிஞ்ச பொம்பளைங்க எத்தன பேருன்னு இப்ப எழுதுவீங்க?"

நான் எழுந்து வந்துவிட்டேன்.

சஸ்பென்ஷன் முடிந்து அவள் திரும்பி வந்த நாள், காலை ஷிஃப்டில் மாடல் மாறியது. செட்டர் வழக்கம்போல ஆளில்லை. சூப்பர்வைசர் அவள் மெஷினுக்கு வந்து, ஒன்றுமே நடக்காததுபோல, "கொஞ்சம் பாத்துரும்மா" என்றார்.

"எனக்குத் தெரியாதுங்க சார்."

"என்னாம்மா?"

"செட்டிங் தெரியாதுங்க. எழுதிக் குடுத்திருக்கேன்."

அவர் அடுத்த மெஷினுக்குப் போனார். "தெரியாதுங்க சார்." அதற்கடுத்த மெஷின். "எனக்கும் தெரியாதுங்க சார். எழுதிக் குடுத்திருக்கேன்." ஒன்பது பேரும் கையை முன்னால் கட்டிக்கொண்டு அடக்க ஒடுக்கமாக நின்றார்கள். பஸ்ஸில் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த பஸ்ஸில் நான் ஏறுவதை நிறுத்தியிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் கமிட்டியில் வைத்துப் பேசலாம் என்று சொல்லிக் கெடுத்திருப்பேன்.

லைன் நின்றது. கேன்டீனிலிருந்தும் கம்ப்ரசர் ரூமிலிருந்தும் செட்டர்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அப்போதுதான் ஊருக்கே தெரிந்தது, அவர்களில் சிலருக்குக் கையே மறந்துபோயிருந்தது. எங்கள் செயலாளர் ஒரு மெஷின் முன்னால் வியர்க்க விறுவிறுக்க நின்று ஏழெட்டுத் துண்டுகளை வீணாக்கினார். கழிவுத் தொட்டியில் அவை விழுகிற சத்தத்தை நான் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. எனக்கென்ன பொய் சொல்ல?

மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் செயலாளர் அவளிடம் போய், "ம்மா, டெஸ்பாட்ச் நிக்குது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணும்மா" என்று கெஞ்சினார். "நீங்கதானண்ணா லெட்டர் குடுக்கச் சொன்னீங்க?" என்றாள் அவள். பிளான்ட் மேனேஜரே லைனுக்கு இறங்கி வந்தார். "அது சும்மா ஃபார்மாலிட்டிம்மா" என்றார். அதற்கும் அவள் கை கட்டியபடியே நின்றாள். கடைசியில் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். வருகிறேன், ஆனால் தனக்கு அந்த லெட்டரை எழுதிக் கொடுத்தவரும் வர வேண்டும் என்றாளாம்.

ஆக, நானும் போனேன். மேனேஜர், எச்.ஆர். ஆபீசர், செயலாளர், அவள், நான். அவள் என் பக்கம் திரும்பவில்லை. மேனேஜரைப் பார்த்துப் பேசினாள்.

"சார், என் லெட்டர எழுதுனது அவங்க கை, நான் கையெழுத்து மட்டுந்தான் போட்டேன். அதுல எழுதியிருக்கறது நெசமா பொய்யான்னு மொதல்ல அவங்க வாயால சொல்லட்டும்."

செயலாளர் எனக்குக் கண்ணைக் காட்டினார். வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தார். அந்தத் தலையசைப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"பொய்," என்றேன். "பொய்யின்னு தெரிஞ்சேதான் எழுதினேன். ஃபாரம் அடிச்சுக் குடுத்ததும் நான்தான். இந்த லைன்ல பாதி மெஷின செட் பண்றது இந்தப் பொண்ணுங்கதான். சூப்பர்வைசருக்குத் தெரியும், செட்டருங்களுக்குத் தெரியும், இவருக்கு நல்லாவே தெரியும்." இவர் என்று செயலாளரைக் கைகாட்டினேன்.

எனக்கு மறுநாள் மெமோ வந்தது. கமிட்டியிலிருந்தும் எடுத்துவிட்டார்கள், சங்கக் கட்டுப்பாட்டை மீறினேனாம். டீ ஊற்ற இப்போது யாரை வைத்திருக்கிறார்களோ தெரியாது. அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நானும் போய் நின்று மன்னிப்புக் கேட்டு அவள் பொழுதைக் கெடுக்கவில்லை.

அன்று அந்த அறையில் மேனேஜர் அவளுக்கு ஆறு மாதம் செட்டர் டிரெய்னிங் தருவதாகச் சொன்னார். செயலாளரே சொல்லித்தருவார் என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

"டிரெய்னிங் வேணாம் சார். ஆம்பளைங்கள செட்டராப் போடறப்ப ஒரு டெஸ்ட் வெப்பீங்கல்ல? அத எனக்கு வையுங்க. லெட்டரக் கிழிச்சுப் போட்டுட்டு வையுங்க."

லெட்டர்கள் ஒன்பதையும் அங்கேயே கிழித்தார்கள். டெஸ்ட் அடுத்த நாள் காலையில். மற்ற எட்டுப் பேருக்கும் டெஸ்ட் கேட்டது தனிச் சண்டை, அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவளுக்கு வைத்தது எங்கள் லைனிலேயே பொல்லாத மெஷின். வேண்டுமென்றே அதைக் கொடுத்தார்கள். முழுக்கக் கழற்றிப் போட்டிருந்தார்கள். மேனேஜர் ஒரு பக்கம், சூப்பர்வைசர் ஒரு பக்கம், சீனியர் செட்டர் என்று செயலாளர் நடுவில். பெண்கள் அவரவர் மெஷினை ஓட்டியபடியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக மாட்டினாள், முடுக்கினாள், கதவை மூடினாள், மெதுவாக ஓட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டாள், திறந்து எதையோ ஒரு பொட்டுத் திருத்தினாள், மறுபடி மூடினாள். முதல் பீஸ் வந்தது. குவாலிட்டிக்காரர் அதை எடுத்துப்போய் மூன்று இடத்தில் அளந்தார். இரண்டாம் தடவையும் அளந்தார். "ஓகே" என்றார். அடுத்த லைனிலிருந்து யாரோ ஒருத்தி விசில் அடித்தாள்.

முதல் பீஸ் ஷீட்டைக் கொண்டுவந்து மெஷினுக்குப் பக்கத்து மேசையில் வைத்தார்கள். செயலாளர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், செட்டர் என்ற கட்டத்தை நோக்கிக் குனிந்தேவிட்டார். கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்குக்கூட அவர் யோசித்திருக்க வேண்டுமே. அவள் செட் பண்ணி முடித்தால் அவர் கை அதைத்தான் செய்யும்.

அவள் எண்ணெய்க் கையைத் துடைக்காமல் அப்படியே ஷீட்டின் மேல் வைத்தாள்.

"அண்ணா, தள்ளுங்க," என்றாள். "அது என் எடம்."